மலைக்கு மெட்டுப் போட்டவர்கள்

தமிழ் சினிமாவில் மலை வந்தால் பின்னாலேயே பாட்டு வந்துவிடும். தேயிலைப் புதர்களுக்கு நடுவே ஒரு பாதை, பாதையில் ஒரு ஜோடி, எங்கிருந்தோ ஐம்பது வயலின்கள். அந்தப் புதர்களை இடுப்பு உயரத்துக்கு வெட்டி நிறுத்தியது யார், படப்பிடிப்பு நடந்த அன்று அந்தச் சரிவில் கொழுந்து எடுக்க வந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பதெல்லாம் கேமராவுக்கு வேண்டாத சங்கதி. இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் நம்மில் பலர் மலையைப் பார்க்கவே கற்றுக்கொண்டோம். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யையும் (1980) ‘மூன்றாம் பிறை’யையும் (1982) பார்த்த ஒருவரால் நீலகிரிக் குளிரை இளையராஜாவின் இசை இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா என்ன?

மலேசியாவில், பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குக் காரில் ஏறும் தமிழர்களும் இந்தப் பாட்டுகளோடுதான் ஏறுகிறார்கள். தாப்பாவில் தொடங்கி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று வளைந்து வளைந்து போகும் சாலையில் பாதி வழியிலேயே ஏர்கண்டிஷனை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடலாம். சுங்கை பலாஸ் தோட்டத்தில் பள்ளத்தாக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பார்வை மேடையில் நின்று படம் எடுக்கிறார்கள். எடுத்ததற்கு ஒரு எண்பதுகளின் பாட்டைச் சேர்த்து உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் நீலகிரிக்காகப் போட்ட மெட்டு பகாங் மலைக்கும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. எனக்கு உறுத்துவது அந்தக் கச்சிதம்தான். எந்த மலைக்கும் பொருந்துகிற இசையில் இந்த மலை எங்கே இருக்கிறது?

ஓர் இடத்தை இசைக்குள் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் ஜாஸ்காரர்கள். 1963இல் டியூக் எலிங்டன் தன் வாத்தியக் குழுவோடு அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த பயணத்தில் மேற்காசியா, இந்தியா, இலங்கை என்று சுற்றினார். நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் பயணம் பாதியில் நின்றது. அந்தப் பயணத்திலிருந்து அவரும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ 1967இல் இசைத்தட்டாக வெளிவந்தது. சித்தாரும் தபேலாவும் வரும் என்று எதிர்பார்த்து அதைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். டெல்லியில் கேட்ட ஒரு மைனாவின் குரல் கிளாரினெட்டில் வந்து போகிறது. மற்றபடி எலிங்டன் குழு எப்போதும் எழுப்பும் அதே சத்தம். பார்த்த ஊர்களின் வாத்தியங்களை வாங்கிக்கொண்டு போகாமல், அந்த ஊர்களில் திறந்த காதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இன்னொன்று, 1957 டிசம்பரில் பாரிஸில் நடந்தது. லூயி மால் தன் முதல் கதைப்படத்துக்கு இசை வேண்டி மைல்ஸ் டேவிஸிடம் போனார். ஸ்டூடியோவில் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். ழான் மோரோ இரவு முழுவதும் காதலனைத் தேடித் தெருத்தெருவாக நடக்கிறார். டேவிஸ் அதைப் பார்த்தபடி டிரம்பெட் வாசிக்கிறார். எழுதிவைத்த மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை, சில ஸ்வர அடுக்குகளை மட்டும் கூட இருந்த நான்கு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். பாரிஸ் இரவின் இசை என்று இன்றும் உலகம் அதைத்தான் கொண்டாடுகிறது. ஆனால் அவர் அன்று பார்த்துக்கொண்டிருந்தது ஊரை இல்லை. ஒரு பெண்ணின் நடையைத்தான்.

சினிமாவுக்கும் ஜாஸுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இதைவிடப் பழையது. ‘லாரா’ 1944இல் வந்த ஒரு துப்பறியும் படத்தின் மெட்டு. ‘ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்’ அதே ஆண்டில் வந்த ஒரு பேய்ப் படத்தின் மெட்டு. ஜாஸ் கற்கும் எந்தப் பிள்ளையும் முதலில் வாசிக்கும் ‘ஆட்டம் லீவ்ஸ்’ 1946இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்திலிருந்து கிளம்பியது. படங்களை இன்று தேடிப்பிடித்துப் பார்ப்பவர் குறைவு; மெட்டுகளை மட்டும் உலகெங்கும் ஒவ்வோர் இரவும் யாராவது பிரித்துப் போட்டு அடுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் சினிமா மெட்டு? எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால்தான் அதை விட்டு விலகிப் போவது கேட்பவருக்கு உறைக்கும். ஊரே அறிந்த பாதையிலிருந்து ஒருவர் சட்டென்று ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதுதான் கூட்டம் திரும்பிப் பார்க்கிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. கோயில் திருவிழாவில் நடு இரவுக்கு மேல், கீர்த்தனைகள் முடிந்த பிறகு, நாதஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுப்பார். பல்லவியை ஒருமுறை ஒழுங்காக வாசித்துக் காட்டுவார். பிறகு தவில்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு. அதற்குப் பின் அந்தப் பாட்டு அதற்கு இசையமைத்தவருக்குச் சொந்தமாக இருக்காது. ஜான் கோல்ட்ரேன் ஒரு மேடை நாடகப் பாட்டை சோப்ரானோ சாக்ஸபோனில் எடுத்துக்கொண்டு பதின்மூன்று நிமிடத்துக்குமேல் வாசித்தது 1960இல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திருவிழாத் தெருதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் தமிழ்ப் படங்கள் சாக்ஸபோனை வெகுகாலம் ஓட்டல் நடனத்துக்கும் வில்லனின் மதுக்கோப்பைக்கும்தான் ஒதுக்கிவைத்திருந்தன. அதனால் நம்மில் பலருக்கு ஜாஸ் என்றாலே பணக்காரர்களின் இசை, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இசை என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜாஸின் பூர்வீகமோ தோட்டக்காடு. அமெரிக்கத் தெற்கின் பருத்தி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வேலைப் பாட்டும் வழிபாட்டுப் பாட்டும் அதன் அடிமண். நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடவும் கொட்டவும் 1817இல் ஒரே ஓர் இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அதுதான் பின்னாளில் காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்றது. அந்த நகரத்தின் தெருக்களில்தான் பிறகு பித்தளை வாத்தியங்கள் அவர்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தன.

இதைப் படிக்கிற எந்தத் தமிழருக்கும் இலங்கை மலையகமும் மலாயாத் தோட்டங்களும் நினைவுக்கு வராமல் போகாது. நம் ஆட்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். கங்காணியின் முன்பணத்தில் கடனாளியாகிக் கப்பலேறியவர்கள். இந்த வேறுபாட்டை மழுப்புவது இரண்டு வரலாற்றுக்கும் செய்யும் அநியாயம். ஆனால் தோட்டம் என்ற அமைப்பு ஒன்றுதான்: ஒரே பயிர், ஒரே முதலாளி, லயம் எனும் வரிசை வீடுகள், மணியடித்தால் வேலை. கேமரன் மலை இதில் கடைசியாகச் சேர்ந்த இடங்களில் ஒன்று. வில்லியம் கேமரன் 1885இல் நில அளவைக்காக அந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதிவைத்திருந்தாலும், 1929இல்தான் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர்களில் தமிழர்கள் நிறைய. 1938இல் மலாயாவுக்கு உதவிப்பணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தபோது இந்த மலையின் தோட்டங்களுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

அப்படியென்றால் இந்தச் சரிவுகளிலிருந்து ஏன் ஒரு ஜாஸ் எழவில்லை? வெகுநாள் இந்தக் கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்த பிறகு, வேலையைப் பார்க்காமல் இசையைப் பேசுவதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் 1947, 48இல் ஆலன் லோமாக்ஸ் பதிவுசெய்த பாட்டுகளைக் கேளுங்கள். பல கோடரிகள் ஒரே நேரத்தில் விழ வேண்டும். பிசகினால் பக்கத்தில் நிற்பவனின் கால் போகும். ஒருவன் அழைக்கிறான், மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள், கோடரி தாளம் போடுகிறது. அங்கே பாட்டு ஒரு கருவி.

கொழுந்து எடுப்பது வேறு மாதிரி வேலை. ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் இரு கைகளும் தனித்தனியாக ஓட வேண்டும், எடைதான் கூலி. பக்கத்து நிரைக்காரியின் கை எப்போது விழுகிறது என்பதைப் பற்றி இவளுக்குக் கவலையில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து பாடும் தாளப்பாட்டை அந்த வேலை கேட்கவில்லை. தனியாக, நீளமாக, மூச்சுக்குத் தக்கபடி இழுக்கும் பாட்டுத்தான் அங்கே இயல்பு: தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி. இலங்கை மலையகத்துப் பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளையும் மலேசியாவில் இரா. தண்டாயுதமும் தொகுத்து வைத்தார்கள். பெரிய தொண்டு. ஆனால் அச்சில் வரி இருக்கும், இழுப்பு இருக்காது. எந்த எழுத்தில் மூச்சு நின்றது, எங்கே குரல் கம்மியது என்பதைப் புத்தகம் சொல்லாது.

தாளமே இல்லையா என்றால், இருந்தது. தப்பு என்ற பறையில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிட்டார்கள். சாவுக்கும் அதே தப்பு, திருவிழாவுக்கும் அதே தப்பு, அடி மட்டும் வேறு. அதை அடித்த கையைத் தள்ளி உட்காரவைத்த சாதியும் கப்பலில் கூடவே வந்து லயத்தில் குடியேறிவிட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு பிள்ளை டிரம்பெட்டைக் கையில் எடுத்தால் தெருவே அவனைப் பின்தொடர்ந்தது. நம் தோட்டத்தில் ஒரு பிள்ளை தப்பைக் கையில் எடுத்தால் அவனுடைய அப்பன் பெயரைக் கேட்டார்கள். தோட்டத்து இசை தோட்டத்துக்குள்ளேயே முடங்கியதற்குக் காட்டு மலையும் காரணம், கூலியும் காரணம். ஆனால் சாதியைச் சொல்லாமல் அவற்றை மட்டும் சொல்வது நேர்மையாகாது. இன்று மலேசியாவில் தைப்பூசத்தன்று உறுமி மேளக் குழுக்களில் இளைஞர்கள் கூச்சமில்லாமல் தோலை முழக்குவதைப் பார்க்கும்போது, இரைச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

தனிப்பாட்டு நிரையில், தாளம் சேரியில். நடுவே எல்லோருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது சினிமாப் பாட்டு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் போட்டார்கள். ரேடியோ மலாயாவின் தமிழ்ப் பகுதி லயத்துக்கு லயம் பாட்டைக் கொண்டுபோனது. கங்காணி வீட்டிலும் கூலி வீட்டிலும் ஒரே பாட்டு ஒலித்த முதல் காலம் அது. வானொலியில் ஒருமுறை கேட்ட பாட்டை மறுநாள் நிரையில் பாடும்போது பாதி வரி மறந்திருக்கும். மறந்த இடத்தில் சொந்த வரி வரும், மேஸ்திரியைப் பற்றி, மாமியாரைப் பற்றி, அட்டைக்கடியைப் பற்றி. மெட்டும் கூடை பாரத்துக்கு ஏற்றபடி மெதுவாகும். அதை யாரும் இசை என்று பதிவுசெய்யவில்லை. தப்பாகப் பாடுவதாகத்தான் சொன்னார்கள்.

அந்தத் தப்பை மேடைக்கு ஏற்றிய ஒருவர் நம்மிடம் இருந்தார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் கம்யூனிஸ்டு மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றதில் அவருடைய பாட்டுக்கும் பங்கு உண்டென்று இன்றும் பேசுகிறார்கள். ஊருக்கே தெரிந்த மெட்டில் கட்சி வரிகளை ஏற்றிப் பாடுவது அந்நாள் மேடைகளின் வழக்கம். கேட்பவருக்கு மெட்டு ஏற்கெனவே பழக்கம். எனவே மாறிய சொல் மட்டும் சுருக்கென்று தைக்கும். பதின்ம வயதிலேயே அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போன தம்பிதான் இளையராஜா. பிறகு சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். அவருடைய மலைப் பாட்டுகளில் புல்லாங்குழலுக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டார் ஒருபோதும் மலையை வேடிக்கை பார்ப்பதில்லை; ஏற்றத்தில் நடக்கும் கால் மாதிரி எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்து போகிறது. இது என் காதுக்குப் படுவது. இசை படித்தவர்கள் மறுக்கலாம்.

மலேசியப் பக்கமும் ஒரு கதை உண்டு. போ தோட்டம் தொடங்கிய அதே 1929இல் பினாங்கில் பிறந்தவர் மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லி. அவரை 1950இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை எடுத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். கதைக்குள் பாட்டு வைக்கும் முறையும் அவர்களோடு வந்தது. அந்த அச்சுக்குள்ளிருந்து ரம்லி தன் காலத்து நடன இசையையும் ஜாஸையும் மலாய் மெட்டோடு கலந்து எடுத்தார். 1962இல் வந்த ‘இபு மெர்த்துவாகு’வில் அவர் ஏற்ற பாத்திரமே ஒரு சாக்ஸபோன் கலைஞன்தான். 1960இல் ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ படத்துக்காக அவர் பாடிய ‘கெத்தாரான் ஜீவா’வை இன்றைக்கும் மலேசிய ஜாஸ் கலைஞர்கள் பிரித்துப் பிரித்து வாசிக்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு அவர்களுடைய ‘ஆட்டம் லீவ்ஸ்’ கிடைத்துவிட்டது.

மலேசியத் தமிழரிடமும் கலைஞர்களுக்குக் குறைவில்லை. லூயிஸ் பிரகாசம் என்ற டிரம்ஸ் கலைஞர் 1979இல் தொடங்கிய ‘ஏசியாபீட்’ குழு, மலாய், இந்திய, சீனத் தாளங்களை ஜாஸோடு ஒரே மேடையில் உட்காரவைத்தது. கையில் திறமை இருக்கிறது, பொதுவாக எல்லோரும் அறிந்த மெட்டுக் களஞ்சியம் இருக்கிறது. இனித் தேவை அந்த மெட்டிலிருந்து எந்தத் திசையில் விலகுவது என்ற தெளிவு. கேமரன் மலையைப் பற்றி ஓர் இசைத்தொகுப்பு செய்யப்போகிறேன் என்று யாராவது கிளம்பினால், பனிக்கு ஒரு புல்லாங்குழல், பள்ளத்தாக்குக்கு ஒரு பியானோ என்று போய்விடுவாரோ என்பதுதான் என் பயம். அது சுற்றுலாத் துறை விளம்பரத்துக்கு ஆகும்.

அந்த மலையின் சத்தம் வேறு. வாட்டுக் கிடங்கில் இரவெல்லாம் ஓடும் விசிறிகளின் ஒரே சுருதி. இலையை உருட்டும் எந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே பிந்திச் சறுக்கி விழும் தாளம்; நான்கு நான்காக எண்ணினால் பிடிபடாது. தகரக் கூரையில் பேச்சை நிறுத்திவிடும் மழை. இப்போது சரிவுகளில் கத்தரிகளும், இருவர் பிடித்து நடக்கும் வெட்டு எந்திரங்களும் வந்துவிட்டன. அந்த இரைச்சலில் பாட முடியாது, பாடினாலும் கேட்காது. நிரையில் நிற்பவர்களும் மாறிவிட்டார்கள். வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் மாலையில் தங்கள் கைப்பேசியில் தங்கள் ஊர்ப் படப் பாட்டைக் கேட்கிறார்கள். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்கள் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள்: வேறோர் ஊரின் மெட்டை வைத்துக்கொண்டு இந்த ஊரின் பொழுதைக் கழிப்பது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் துலங்குகிறது. இத்தனை நாளாக மலையை மெட்டுக்குள் தேடினோம். மெட்டு எங்கிருந்தும் வரலாம். சென்னையிலிருந்து வரலாம், டாக்காவிலிருந்து வரலாம், ஹாலிவுட்டின் பேய்ப் படத்திலிருந்தும் வரலாம். பாடுகிறவர் அந்த மெட்டை எங்கே மறந்தார், எங்கே மூச்சு வாங்கினார், பாரம் அழுத்தியதால் எந்த இடத்தில் தாமதித்தார் என்ற வித்தியாசத்தில்தான் ஊர் இருக்கிறது. எலிங்டன் வாத்தியங்களை விட்டுவிட்டுக் காதைக் கொண்டுபோனதும், டேவிஸ் பாரிஸை விட்டுவிட்டு ஒரு பெண்ணின் நடையைப் பார்த்ததும் இதற்காகத்தான். அந்த வகையில் பார்த்தால், தப்பாகப் பாடுகிறாள் என்று யாரைச் சொன்னார்களோ அந்தக் கொழுந்துக்காரிதான் கேமரன் மலையின் முதல் ஜாஸ் கலைஞர். அவளுக்கு மலையைப் பற்றிப் பாடும் எண்ணமே இருந்திருக்காது. மலை அவள் மூச்சைப் பிடித்து இழுத்தது. மெட்டு அந்த அளவுக்கு வளைந்தது.

கேமரன் மலைத் தேயிலையின் பெயரால் மலேசியாவில் ஒரு கலை விருதே இருக்கிறது. ‘போ கேமரோனியன்’ விருது மேடையில் நாடகமும் நடனமும் இசையும் பல ஆண்டுகளாகப் பாராட்டுப் பெற்றுவருகின்றன. நல்ல காரியம். அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் குரல் அதே மேடையில் ஒலிக்கும் நாளும் வரட்டும். ஆனால் அதற்கு முதலில் குரல் கையில் இருக்க வேண்டும்.

தோட்டங்களில் பிறந்த அந்தத் தலைமுறைக்கு இன்று எண்பது, தொண்ணூறு வயது. பலர் பிள்ளைகளோடு ஈப்போவிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, நிரையில் பாடிய ஒரு பாட்டைப் பாடச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த வயது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். பழைய சினிமாப் பாட்டைத்தான் பாடுவார்கள், அதுவும் வரி மாற்றித்தான் பாடுவார்கள். தயவுசெய்து குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள்.